சீவியில் எழுதாமல் விட்ட வேலை

சென்ற வருடம், கச்சான் காற்று வீசும் காலம். கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்குப் போன பஸ், கல்லாற்றுப் பாலம் தாண்டியதும் பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த பஸ் வரும்வரை இறங்கி நிற்கச் சொன்னார் கண்டக்டர். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். வாவி வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் இயல்பிலேயே கனவுக்காரி. சோறு வடிக்கும்போதுகூட எங்கேயோ போய்விடுவேன் என்று உம்மா திட்டுவார்.

கையில் இருந்த பைலுக்குள் என் சீவி, வேலைக்கான சுயவிபரம். பட்டம் முடித்து எத்தனையோ இடங்களுக்கு அனுப்பியும் ஓரிடத்தில் இருந்தாவது நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று அன்று கிளம்பியிருந்தேன். எனக்கொரு வேலை கிடைத்தால்தான் கத்தாரில் இருக்கும் கணவர் ஊரோடு வந்து சேரலாம். எங்கள் மகளுக்கு வாப்பா என்றால் போனுக்குள் சிரிக்கும் ஒரு முகம், அவ்வளவுதான். கனவில் மட்டும் எனக்கு எப்போதோ வேலை கிடைத்துவிட்டது. ஜன்னலோரம் ஒரு மேசை. பின்னேரம் மோட்டார் சைக்கிளில் அவர் வந்து கூட்டிப்போவார். மகள் முன்னால் உட்கார்ந்து ஹோர்ன் அடிப்பாள்.

கனவில் அவள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தபோதே காற்று பைலைப் பறித்தது. தாள்கள் தண்ணீர்ப் பக்கம் பறந்தன. எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு பெண் ஓடிப்போய்ப் பிடித்தார். நெற்றியில் பொட்டு, தோளில் ஒபிஸ் பை. என் வயதுதான் இருக்கும். திருப்பித் தரும்போதே தாளில் கண் ஓட்டிவிட்டார்.

"குறை நினைக்காதீங்க மிஸ். எங்கட ஒபிஸ்ல சீவி பார்த்துப் பிரிக்கிறது நான்தான். கண் தானாப் போயிட்டுது."

"அப்ப சொல்லுங்க மிஸ், இதுல என்ன பிழை?"

மரநிழலில் இருந்து வாசித்தார். வாப்பாவின் தொழில், உம்மாவின் பெயர், ஓ.எல். பரீட்சைப் பாடங்கள் ஒன்றுவிடாமல். பொழுதுபோக்கு, வலைப்பந்து. சத்தியமாக நான் வலைப்பந்தைத் தொட்டதே இல்லை. கொமினிகேஷன் கடையில் டைப் அடிப்பவர் எல்லாப் பெண்களுக்கும் அதைத்தான் போடுவார்.

"கம்பஸ் முடிச்ச பிறகு ஒண்டுமே இல்லையே. என்ன செய்தீங்க?"

"சும்மா ஊட்டதான் இரிந்த." வீட்டில் சும்மா இருந்ததாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

பிறகு பேச்சு வாவியைப் பற்றிப் போய், வெள்ளத்தில் வந்து நின்றது. அதற்கு முந்திய மாரி மழையில் எங்கள் ஊர் மூழ்கியபோது பள்ளிவாசலில் சமைத்தார்கள். எந்த ஒழுங்கையில் எத்தனை பார்சல், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சீனி வருத்த மருந்து தேவை, எந்தத் தோணி எந்தப் பக்கம் போவது என்று வீட்டில் இருந்து போனிலேயே பார்த்தது நான். அடுத்த நோன்பிலும் கஞ்சிக்கு அதே வேலை. அதைக் கதையோடு கதையாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இத ஏன் எழுதயில்ல?"

"அத எழுதப்படாது மிஸ். அல்லாஹ்வுக்காகச் செஞ்சது. மனிசருக்குக் காட்டினா மறுகா அதுல நன்மை ஏது?"

அவர் சிரிக்கவில்லை. என் நம்பிக்கையைத் தட்டிவிடாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார் போல.

"ஓம், குடுத்தத எழுதாதீங்க. அது உங்களுக்கும் கடவுளுக்கும் உள்ளது. ஆனா இவ்வளவு சனத்துக்கு ஒழுங்கா ஒரு வேலைய நடத்தத் தெரியும் எண்டு சொல்லலாம்தானே? அது உங்கட தொழில்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். அவர் எங்கே இறங்கினாரோ, கவனிக்கவில்லை. பெயர்கூடக் கேட்காத என் கனவுப் புத்தியை இன்றும் நொந்துகொள்கிறேன்.

அன்று சீவியைக் கொடுக்காமலே திரும்பினேன். கத்தாருக்குப் போன் எடுத்துச் சொன்னதும் கணவர், "அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லியிரிக்கி" என்றார். வலைப்பந்து போனது. ஓ.எல். பாடங்கள் ஒரே வரியாகச் சுருங்கின. முதல் பக்கத்தின் மேலேயே வெள்ளக்கால உணவு விநியோகத்தை ஒருங்கிணைத்ததை எழுதினேன். என்ன செய்தேன் என்பது மட்டும்தான். எதற்காகச் செய்தேன் என்பதை எழுதவில்லை.

அதன்பிறகு நேர்முக அழைப்புகள் வரத் தொடங்கின. போன இடமெல்லாம் அந்த வரியைத்தான் தொட்டுக் கேட்டார்கள். வாய் கூசினாலும், தெரிந்த வேலை என்பதால் பதில் தடங்கலில்லாமல் வந்தது. ஒரு களஞ்சிய அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத அறை, பரவாயில்லை. இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கணவர் வந்தார். திரும்பிப் போகவில்லை. மகள் முதலில் அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

என் நன்மையை நான் சொல்லக் கூடாது என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் பாதையோரத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்ததே தெரியாமல் பஸ் ஏறிப் போன அந்தப் பெண்ணின் நன்மையை அவர் எந்தச் சீவியிலும் எழுதப்போவதில்லை என்பதால், அவருக்காக நான் இங்கே எழுதிவைக்கிறேன்.