குளோரின் போக வைத்த குடம்

தொண்ணூறுகளில், நான் அகதியாக வந்திறங்கிய குளிர்நாட்டில், டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் என்னோடு இருந்த அண்ணை, வீட்டுக்குள்ளும் மஃப்ளர் கழற்றாதவர். அலுமாரிக்குள் கஞ்சாச் செடி வளர்த்தார். குளோரின் போகட்டும் என்று குழாய்த் தண்ணியைக் குடங்களில் பிடித்து ஒரு நாள் திறந்து வைப்பார்.

"பில்டர் தண்ணி வாங்குங்கோ அண்ணை. உந்தக் குடங்களைப் பற்றி ஆரும் கேட்டால் என்ர அகதிக் கேஸும் படிப்பும் போச்சு."

"பில்டர் தண்ணியில சத்தில்லையடாப்பா."

ஒருநாள், கீழ்வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறதென்று கட்டட மேற்பார்வையாளர் கதவைத் தட்டினார். அண்ணை ஓடிப்போய் ஒரு குடத்தை அலுமாரிக்கு முன்னால் இழுத்து, திருநீறு பூசி, சம்பலுக்கு வாங்கிய தேங்காயை அதன் வாயில் வைத்தார்.

"சாமி," என்று வந்தவருக்குக் குடத்தைக் காட்டிக் கும்பிட்டார்.

வந்தவர் சப்பாத்தோடு நுழைந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

கதவு சாத்திய பிறகும் அண்ணை குடத்தைக் கும்பிட்டபடியே நின்றார். அந்தத் தண்ணியை அவர் செடிக்கு ஊற்றவேயில்லை. ஏனென்று கேட்க எனக்கும் பயமாக இருந்தது.