ரபீகாவுக்கு ஒரு கட்டுரை

என் மனைவி ரபீகா எதையும் ருசி பார்த்துச் சமைப்பவள் அல்ல. வில்லங்கமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு நோன்பு மாதத்தில் அவளுடைய உம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். அடுப்பு இவள் கைக்கு வந்தது. நோன்பு பிடித்த வாயால் எப்படி உப்புப் பார்ப்பது? நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். இவளுக்கு மனம் ஒப்பவில்லை. கல்லுப்பைக் கையால் அள்ளிப் போட்டு, ஆவியை மோந்து பார்த்து, சட்டியை இறக்கிவிடுவாள். நோன்பு முடிந்தது, பழக்கம் முடியவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு கண்டிப் பக்கம் அலவத்துகொடைக்கு வந்த பிறகும் அதே கை, அதே மூக்கு.

எங்கள் பக்கத்தில் மையித்து விழுந்த வீட்டில், அதாவது யாராவது இறந்துவிட்ட வீட்டில், அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்திலிருந்துதான் சாப்பாடு போகும். முதலில் போகிற சட்டி ரபீகாவுடையதாக இருக்கும். பிள்ளை பிறந்த வீடு, காய்ச்சல் வந்த வீடு, மழைக்கு மண் சரிந்த வீடு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கடையிலிருந்து பசியோடு வந்து நான் மூடியைத் திறந்தால் கையில் ஓர் அடி விழும்.

"அதத் தொட வேணாம். அது ஸமீம் நானா ஊட்டுக்கு."

எனக்கு மிச்சம்தான். மிச்சமே அவ்வளவு ருசியாக இருந்ததால் நான் சண்டைக்குப் போனதில்லை.

எங்கள் மகள் ஷஹ்மா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒரு தொலைக்காட்சியின் சமையல் போட்டிக்கு உம்மாவின் பெயரை அவள்தான் அனுப்பினாள். ரபீகா முடியவே முடியாது என்றாள். பிறகு புது அபாயா தைக்கக் கொடுத்தாள். ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினாள். அவள் வரும் நாட்களில் என் போட்டோகொப்பிக் கடையில் டீவியை வைத்துவிட்டு நான் வேலை செய்த இலட்சணத்தில், ஒருவருடைய அடையாள அட்டையின் முன்பக்கமே இரண்டு பக்கமும் விழுந்தது.

அதுவரை வீட்டுக் கல்லுப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். ஐந்தாவது சுற்றில் பொருள்களையெல்லாம் அவர்களே கொடுத்தார்கள். கொடுத்தது தூளுப்பு. கை பழைய கைதான். தூளுப்பு அந்தக் கையில் கூடுதலாக நிற்கும் என்பது இவளுக்குத் தெரியாது. நடுவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"நீங்க ருசி பார்க்கலையா?"

"இல்ல."

"ருசி பார்க்காத சாப்பாட்டை மத்தவங்களுக்கு எப்படிக் கொடுக்கிறீங்க?"

கேட்டவர் அதை அப்போதே மறந்திருப்பார். இவள் கொழும்பிலிருந்து கண்டி வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்து பையைக்கூட வைக்காமல் என்னிடம் கேட்டாள்.

"இவ்வளவு காலமும் மையித்து ஊட்டுக்கெல்லாம் என்னத்தக் குடுத்தேனோ? ஆள இழந்து அழுதுட்டு ஈக்கிறவங்க, உப்புக் கூடினா வாயத் தொறந்து செல்லுவாங்களா?"

அன்றோடு நின்றது. எங்களுக்குச் சமைத்தாள், வெளியே ஒரு சட்டி போகவில்லை. பக்கத்து வீட்டு ஸமீம் நானாவின் உம்மா மௌத்தாகி அந்த வீடு மையித்து வீடானபோதும் பேக்கரியில் பாண் வாங்கி அனுப்பினாள். கொண்டுபோனவன் நான். ரபீகாவின் வீட்டிலிருந்து கடைப் பாண் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது. யாராவது கேட்டிருந்தால் கண்ணில் தூசி என்று சொல்லியிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஷஹ்மா ஒரு நாள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தப் போட்டியில் கலந்துகொண்ட ஒவ்வொருவரைப் பற்றியும் யாரோ ஒரு நல்ல மனிதர் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதியிருந்தார். ரபீகாவுக்கும் ஒன்று. சின்னதுதான்: பெயர், ஊர், உப்பு அதிகமானதால் ஐந்தாவது சுற்றில் வெளியேறினார். அதற்கு மேலே சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு. இந்தக் கட்டுரையை நீக்க வேண்டுமாம். காரணமும் எழுதியிருந்தார்கள்: "நிகழ்ச்சியில் பங்குபற்றியதைத் தவிர வேறு எதற்காகவும் அறியப்படாதவர். தனிக்கட்டுரைக்குத் தகுதியில்லை."

"நீக்கட்டும்" என்றாள் ரபீகா. "சரியாத்தானே செல்றாங்க."

சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று அவள் நம்பினாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வாப்பா, அவங்க உம்மாவக் கொற செல்லல்ல" என்றாள் ஷஹ்மா. "பத்திரிகைல, புத்தகத்துல எழுதியீக்கணும். அப்பதான் கட்டுர நிக்கும். ஆள் நல்லவரா எண்டு அவங்க பாக்கிறல்ல. ஆக்களச் சேத்து எழுதவெச்சும் பிரயோசனமில்ல, அது வோட்டு இல்ல."

பத்திரிகையில் வராதவர்களையெல்லாம் சேர்க்கத் தொடங்கினால் எந்தக் கலைக்களஞ்சியமும் கொள்ளாது என்பது இப்போது எனக்கே விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. கடையின் வைஃபையைத் திறந்துவிட்டேன். அஸர் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து வந்தவர்களையெல்லாம் உள்ளே இழுத்தேன். பிளேன்டீ கொடுத்து, ஒவ்வொருவரையும் அவரவர் போனில் கணக்குத் திறக்கவைத்து, அந்தக் கட்டுரையை நீக்கலாமா என்று பேசும் பக்கத்தில் எழுதவைத்தேன். பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். கதிரை போதாமல் வாசற்படியிலும் உட்கார்ந்து எழுதினார்கள்.

சந்தியில் கீரை விற்கும் பாலம்மாவும் கூடையோடு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். வாயில் வருவதை அப்படியே சொல்லிவிடுகிற மனுசி. எழுதத் தெரியாது.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க மொதலாளி. எங்க வீட்டுக்காரரு செத்தப்ப இந்தம்மா சோறும் பருப்பும் குடுத்து விட்டாங்க. பருப்புல உப்பு கரிச்சுச்சு."

என் விரல் நின்றது. "அத எழுத ஏலா பாலம்மா. காரியமே கெட்டுப் போகும்."

"அப்ப என் பேரப் போடாதீங்க. கரிச்சுச்சுன்னா கரிச்சுச்சுதான். ஆனா சட்டிய வழிச்சுத் தின்னோம். எம்புள்ளைங்க வயித்துக்கு அன்னிக்கு அதுதான். வேற யாரும் எங்க வாசலுக்கு வரல. எழுதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

முடிவு இரண்டு நாளில் வந்தது. எல்லாக் கணக்குகளும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மாலையில் திறக்கப்பட்டவை. அதனால் அத்தனையும் ஒரே ஆள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் முழுவதையும் ஒரே ஆளாக்கி, அந்த ஆளையும் தடைசெய்துவிட்டார்கள். கட்டுரை போனது. நான் கடையில் நின்று கத்திய கத்தலுக்கு எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஷஹ்மா கத்தவில்லை. "கட்டுரதான் அழிஞ்சது. பேசினதெல்லாம் அங்க அப்படியே ஈக்கிது வாப்பா" என்றாள். வீட்டுக்குப் போய், போனை உம்மாவின் கையில் கொடுத்தாள்.

ரபீகா குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து வாசித்தாள். நான் அலுமாரியில் எதையோ தேடுவதுபோல நின்றேன். பிள்ளை பிறந்த அன்று வந்த கஞ்சியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். மண் சரிந்த இரவு சுடச்சுட வந்த சோற்றைப் பற்றி இன்னொருவர். "உம்மா மௌத்தான அன்று ரபீகாவின் சட்டியைத்தான் எதிர்பார்த்தோம், பாண் வந்தது, அவளுக்கு என்னவோ என்று பயந்துவிட்டோம்" என்று ஸமீம் நானா எழுதியிருந்தார். அவள் விரலால் தள்ளித் தள்ளி வாசித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். மனதுக்குள் பாலம்மாவைத் திட்டினேன்.

"கரிச்சதாம்" என்றாள்.

நான் அலுமாரிக் கதவை மூடினேன்.

"கரிச்சதாம். சட்டிய வழிச்சுத் தின்னாங்களாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "பாலம்மாட மகள் நிலூஷாக்குப் புள்ள பொறந்ததே, ஆஸ்பத்திரிலீந்து வந்துட்டாவா?"

"நேத்து வந்துட்டா."

எழுந்து பெரிய சட்டியைக் கழுவினாள். அரிசி களைந்தாள். தேங்காய்ப் பால் பிழிந்தாள். கஞ்சி கொதித்து வந்தபோது ஜாடிக்குள் கையை விட்டுக் கல்லுப்பை அள்ளிப் போட்டு, குனிந்து ஆவியை மோந்தாள். நான் குசினி வாசலில் நின்றேன். எனக்குத்தான் பயமாக இருந்தது. இதுவும் கரித்துவிட்டால் என்ன செய்வது?

"வேணுமெண்டா நான் உப்புப் பாக்கட்டா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டியை மூடினாள்.

"வேணாம். கூடினாப் பாலம்மா செல்லுவா."