அப்பா தந்த காரணம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டின் பின்னறையில், மேலே கோட்டும் கீழே வீட்டில் போடும் காற்சட்டையுமாக மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தேன். மருத்துவக் கல்லூரிக்கான நேர்முகத் தேர்வு அந்த ஆண்டு இணையவழியில் நடந்தது. அறைக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று விதி சொன்னது. அறைக்கு வெளியே யார் இருக்கலாம் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அப்பா கதவை ஒட்டி ஒரு கதிரையைப் போட்டுக் காவல் இருந்தார்.

காவலை அவர் முந்தின நாளே தொடங்கியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், மறுநாள் மத்தியானம் வரை புல் வெட்டும் இயந்திரத்தை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த தடை குசினிக்கு வந்தது. பிரஷர் குக்கர் விசில் அடிக்கக்கூடாது.

"அப்ப பருப்பு?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு நாளைக்குப் பருப்பு இல்லையெண்டு ஒருத்தரும் செத்துப்போகமாட்டினம். நான் பாண் வாங்கி வாறன்."

இவ்வளவு பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அது என் மூன்றாவது விண்ணப்பம். முதல் இரண்டு முறையும் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. என் முதல் பட்டப்படிப்பின் புள்ளிகள் அப்படி. முதல் ஆண்டிலேயே சில பாடங்களில் தோற்றேன். இரண்டாம் ஆண்டிலும் தோற்றேன். தொடர்ந்து படிக்க உன்னை ஏன் அனுமதிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் விளக்கம் கேட்கும் வரை போனேன். ஒருவழியாகப் பட்டம் கிடைத்தது. அந்தப் புள்ளிகளோடு மருத்துவத்துக்குப் போக முடியாது என்பது கிடைத்த நாளிலேயே தெரிந்தது. ஒரு குறுகிய பயிற்சி முடித்து, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலையோடு ஒரு மேற்படிப்பையும் நல்ல புள்ளிகளோடு முடித்தேன். பிற்பாடு படித்ததையும் கணக்கில் எடுக்கும் பல்கலைக்கழகங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றுதான் இப்போது கூப்பிட்டிருந்தது. இதிலும் கிடைக்காவிட்டால் இனி விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பழைய புள்ளிகளைப் பற்றிக் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பதிலும் எல்லோரிடமும் தயாராக இருந்தது. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. நெஞ்சைத் திறந்து செய்த பைபாஸ். ஸ்ட்ராத்ஃபீல்டில் எனக்கு நேர்முகப் பயிற்சி தந்த பெண், கெல்லிவில்லில் வளர்ந்த மதுரைக்காரி, அப்போதே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள், இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இதைவிட நல்ல ரீசன் யாருக்குக் கிடைக்கும்? மிஸ் பண்ணிடாதீங்க."

அப்பாவுக்கு அந்தக் காரணத்தை எனக்குத் தருவதில் தயக்கமே இல்லை. பல ஆண்டுகளாகத் தந்துகொண்டுதான் இருந்தார். கோயிலில் யாராவது, "பிள்ளை மெடிசின் எல்லோ செய்ய இருந்தவ?" என்று கேட்டால், நான் வாய் திறக்க முன்னரே அவர் முந்திக்கொள்வார்: "என்ர நெஞ்சு வருத்தத்தில பிள்ளையின்ர படிப்புக் குழம்பிப் போச்சு." கேட்டவர் உச்சுக் கொட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார். என் மானத்தைக் காப்பாற்ற அப்பா ஒரு சாக்குச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது. நான் அதைத் திருத்தவில்லை.

வீட்டில் ஒத்திகை பார்த்தபோதும் கேள்வி கேட்பவர் அவர்தான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீதவான் மாதிரி ஆங்கிலத்தில் கேள்வியை வாசிப்பார். நான் தடுமாறினால் தமிழில் பதிலும் எடுத்துக் கொடுப்பார். "இதில ஒப்பரேஷனைப் போடு பிள்ளை. நெஞ்சைப் பிளந்துபோட்டுக் கிடந்தனான். அது ஒருக்காலாவது பிரயோசனப்படட்டும்."

அந்தக் காரணத்தில் ஒரு குறை இருந்தது. காலம் பொருந்தவில்லை. நான் முதலில் தோற்ற பாடங்கள் அறுவைச் சிகிச்சைக்கு முந்தின ஆண்டில் வந்தவை. அப்பா மருத்துவமனையில் கிடந்த நாட்களிலும் அவர் என்னைப் பிடித்து வைக்கவில்லை. "நீ ஏன் இஞ்ச நிக்கிறாய்? கிளாசுக்குப் போ" என்று துரத்துவார். நான் ரயில் ஏறிப் பல்கலைக்கழகம் வரை போய், அங்கே உணவகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். வகுப்பில் பாடம் எதுவரை போய்விட்டது என்றே எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் தெரியாதது வெளியே தெரிந்துவிடும். இதை வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

நேர்முகம் தொடங்கியது. ஒரே குழு உட்கார்ந்து கேட்கும் வழக்கம் இதில் இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருவராகத் திரையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதலில் வந்தவர்களிடம் பேசியது மோசமில்லை. பிறகு கண்ணாடி அணிந்த ஒரு பெண் வந்தார். அவருக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்று உறுதி கொடுத்திருப்பதால் கேள்வியை இங்கே எழுதவில்லை. நாங்கள் எதிர்பார்த்ததற்குக் கிட்டத்தட்ட அதே கேள்வி என்று மட்டும் சொல்லலாம்.

"இரண்டாம் ஆண்டில் என் தந்தைக்கு…" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

கதவுக்கு வெளியே கதிரை கிறீச்சிட்டது. தன்னுடைய பகுதி வந்துவிட்டது என்று அப்பா கண்டுகொண்டார். நன்றாகக் கேட்பதற்காகக் கதவுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதவுகள் அட்டை மாதிரி. உள்ளே மூச்சு விட்டாலும் வெளியே கேட்கும்.

நான் நிறுத்திவிட்டேன். ஒத்திகையில் பலமுறை சொன்ன வசனம்தான். அப்போதெல்லாம் அது வெறும் வசனமாக இருந்தது. இப்போது முன்பின் தெரியாத ஒருவர் அதை உண்மையென்று எழுதிக்கொள்ளப் போகிறார். கிளாசுக்குப் போ என்று என்னைத் துரத்திய மனிதரோ ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டிருக்க அவரையே காரணம் காட்ட எனக்கு நாக்கு எழவில்லை.

"மன்னிக்க வேண்டும், திரும்பச் சொல்கிறேன்," என்றேன். "என் தந்தைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது உண்மை. அது காரணம் இல்லை. அதற்கு முந்தின ஆண்டே நான் தோற்றிருந்தேன். எனக்குப் பாடம் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்லத் துணிவில்லாமல் வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படி இருக்கத்தான் அவர்களுக்குப் பயிற்சி. இப்போது என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். என் வேலையில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொன்னேன். இரண்டு தடவை ஊசி போட்டும் நரம்பு அகப்படவில்லையென்றால் மூன்றாவது முறை குத்தக்கூடாது. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், நோயாளியின் முன்னால் எழுந்து போய் "என்னால் முடியவில்லை, வருகிறீர்களா" என்று கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். மெல்ல மெல்லப் பழகியது. மேற்படிப்பில் பாடம் விளங்காதபோதும் அதே மாதிரி எழுந்து போய்க் கேட்டேன். புள்ளிகள் வந்த வழி அவ்வளவுதான்.

அவர் குனிந்து ஏதோ எழுதினார். நேரம் முடிந்தது. அடுத்த ஆள் வந்தார். மிச்சக் கேள்விகளுக்கு என்ன சொன்னேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கையில் இருந்த ஒரே நல்ல காரணத்தை நானே தூக்கி எறிந்துவிட்டேன் என்ற எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்து கதவைத் திறந்தால் கதிரை வெறுமையாக இருந்தது. அப்பா பின்வளவில் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். அது அவர் வழக்கமாகச் செய்கிற வேலை இல்லை. வகுப்புக்குப் போகாத கதையைக் கேட்டிருப்பார். ஏச்சு வாங்கத் தயாராகப் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்: "பிள்ளை, நீ உள்ளுக்குச் சொன்னது உண்மையோ?"

"கிளாசுக்குப் போகாததோ அப்பா?"

"அது கிடக்கட்டும். என்ர வருத்தத்தால இல்லை எண்டனீ."

"ஓம். அதுக்கு முதல் வருஷமே பெயில் விட்டிட்டன்."

"அப்ப நான் இல்லை?"

"நீங்கள் இல்லை அப்பா."

அவர் கையில் ஒரு துவாய் இருந்தது. அதை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார். "நெஞ்சு நோகுது எண்டு ஆறேழு மாசம் ஒருத்தருக்கும் சொல்லாமல் திரிஞ்சனான். நேரத்தோட காட்டியிருந்தா குளிசை மருந்தோட போயிருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். உன்ர படிப்பை நான்தான் கெடுத்தது எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான் பிள்ளை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோயிலில் அவர் சொன்னது சாக்கு இல்லை. எனக்கு அவர் கடன் பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஆட்களுக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்திலேயே நின்று தலையை ஆட்டியிருக்கிறேன்.

அதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப கிளாசுக்குப் போறன் எண்டிட்டு எங்க போனனீ?"

"ஃபூட் கோர்ட்டில இருந்தனான்."

"அங்க இருந்து என்ன செய்தனீ?"

"சிப்ஸ் சாப்பிட்டனான்."

"சிப்ஸ்!" என்றார். "இவள் சிப்ஸ் திண்டு பெயில் விட்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு வெள்ளியும் முருகனிட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிக்கிறன்." சொல்லி முடிக்க முன்னரே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு குசினி யன்னலைப் பார்த்துக் கத்தினார்: "இஞ்சேரும்! கேட்டீரே? நான் இல்லையாம்!"

"ஆர் இல்லையாம்?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இன்ரர்வியூ முடிஞ்சுதெண்டால் சொல்லுங்கோ, நான் குக்கரை வைக்கப் போறன்."

நவம்பரில், வேலையில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, தொலைபேசியில் மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்திருந்தது. கழிப்பறைக்குள் போய் நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன். உண்மையைச் சொன்னதால்தான் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பதிலுக்கு எவ்வளவு புள்ளி போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அந்த நாளின் நிம்மதி பெரிதுதான். ஆனால் மருத்துவப் படிப்பின் முதல் தவணை தொடங்கியதும் அது புதிய கவலைகளுக்குள் கரைந்துவிட்டது. கரையாமல் இருப்பது பின்வளவில் கேட்ட அந்தச் சிரிப்பு.

கோயிலில் இப்போதும் கேட்கிறார்கள். அப்பாவின் பதில் மாறிவிட்டது. "முந்தி வடிவாப் படிக்கேல்லை. இப்ப படிக்கிறாள்," என்கிறார், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல.

இந்த ஆண்டு எங்களை மருத்துவமனையின் நோயாளர் விடுதிகளுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். கட்டிலில் படுத்திருப்பவரின் கதையைக் கேட்டு எழுதுவதுதான் எங்கள் வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மனைவியோ மகனோ, "எல்லாம் என்னால்தான்" என்று முணுமுணுப்பதும் இடையிடையே காதில் விழும். அதைப் பேச்சுக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டு இப்போது நான் நகர்ந்து போவதில்லை; எது எப்போது நடந்தது என்று அப்படிச் சொன்னவரிடம் ஒருமுறை நிதானமாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போகிறேன்.