நடுப் போத்தல்

வேதத்தைச் சோதிக்கப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. நிரூபிக்கப் போகிறோம் என்றுதான் நானா, என் அண்ணன், சொன்னார். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் பயந்தேன்.

முஸ்லிம்கள் என்று வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, கரைத்தீவில் களப்பு என்னும் காயலோரம் தென்னங்கிடுகுக் குடிசைகளில் நாங்கள் கிடந்த காலம் அது. நானாதான் முகாமின் மௌலவி. பள்ளிவாசலும் கிடுகுதான், காற்று வந்தால் தொழுகையில் எங்களோடு அதுவும் குனியும். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பரீட்சைக்கு முன்பே ஊரை இழந்தவள். முகாமின் கொட்டிலில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன்.

நோன்பு மாதத்தில் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பின் நானா பயான், மார்க்க உரை, சொல்வார். ஒருநாள் பயானுக்கு நடுவே ஒருவன் எழும்பி நின்றான். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். உடுத்த சாரனோடு வந்தவன்.

"மௌலவி, ஓதுறதெல்லாம் உண்மையெண்டா ஒரு சாட்சி காட்டுங்க. கண்ணால காணுற சாட்சி. சபுர் செய்யுங்க, பொறுமையா இருங்க எண்டு கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு."

யாரும் அவனை அதட்டவில்லை. அதுதான் நானாவை உலுக்கியது. எல்லோர் வாய்க்குள்ளும் அதே கேள்வி ஊறிக் கிடந்திருக்கிறது. அவன் வெளியே துப்பினான், அவ்வளவுதான்.

நானா இரண்டு நீர்களைப் பற்றிய வசனத்தை எடுத்தார். ஒன்று நல்ல நீர், ஒன்று உப்பு நீர். இரண்டும் சந்திக்கும், நடுவில் ஒரு தடை இருக்கும், ஒன்று மற்றதை மீறாது என்பது அதன் பொருள்.

"கலா ஓயா ஆறு களப்பில விழுற இடம் கிட்டத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை போத்தல்ல கொண்டுவந்து உங்களுக்கு முன்னால வைக்கிறன். நோன்பு திறக்கக்குள்ள நீங்களே குடிச்சுப் பாருங்க."

"கொண்டுவாங்க மௌலவி. பேரீச்சம்பழம்தான் இல்ல, தண்ணியாவது கிடைக்கட்டும்," என்றான் அவன்.

சனம் சிரித்தது. நானாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்தவர் என்னிடம்தான் கேட்டார், ஆழத்துத் தண்ணீரை மேல்தண்ணீர் சேராமல் எப்படி எடுப்பதென்று. போத்தலில் கல்லைக் கட்டி இறக்கலாம், அடைப்பானில் ஒரு நூலைக் கட்டி, வேண்டிய ஆழத்தில் சுண்டி இழுத்தால் திறந்து நிரம்பும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் காணக் காண எனக்குப் பயம் கூடியது.

"நானா, நடுவிலயும் ஒரு போத்தல் எடுப்பமா?"

"நடுவில என்ன? மேல நல்ல தண்ணி, அடியில உப்பு. நடுவில தடை."

"அந்தத் தடை எப்பிடி இருக்கும் எண்டு பார்க்கலாமே."

"எடு," என்றார்.

ஏன் கேட்டேன்? ஊரைவிட்டு வெளியேறும் வழியில் நகையைக் கழற்றினார்கள், பணத்தைப் பிடுங்கினார்கள், சீலைத் தலைப்பு முடிச்சையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். நெஞ்சில் மனனமாக இருந்த ஓதலை மட்டும் எந்தக் கையாலும் தடவி எடுக்க முடியவில்லை. மிஞ்சியது அது ஒன்றுதான். அதை நானே ஒரு நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கப் போகிறேன்.

வியாழக்கிழமை போனோம். நானா, நான், தோணிக்கார மாமா. மாமா இந்தப் பக்கத்து ஆள், மௌலவி கேட்டார் என்பதற்காக வந்தவர். நானாவும் மாமாவும் நோன்பு. எனக்கு அந்த நாட்களில் நோன்பு இல்லை. மாதத்தில் பெண்ணுக்கு வரும் விலக்கு. ஆனாலும் ஆண்கள் காண ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டோம். நோன்பாளியின் முகத்தையே வைத்துக்கொள்வோம். தெரிந்தவர்களும் தெரியாதவர்கள்போல் இருப்பார்கள். அது எங்கள் வழக்கம். தோணியில் தண்ணீருக்கு நடுவே, நாக்கு வறண்டு, இல்லாத நோன்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கண்டல் மரங்கள் இரு பக்கமும் வேர்களை ஊன்றி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேல்தண்ணீருக்கு வெள்ளை நூல், அடித்தண்ணீருக்குக் கறுப்பு, நடுவுக்குப் பச்சை. மூன்றும் நிரம்பின. யாரும் ருசி பார்க்கவில்லை. பார்க்க முடிந்தவள் நான் ஒருத்தி, அதையும் காட்டிக்கொள்ள முடியாதவள்.

திரும்பிவந்தபோது துறையில் இராணுவம் நின்றது. காலையில் இல்லை. களப்பு வழியாக யாரோ எண்ணெய் கடத்துகிறார்கள் என்று அந்த நாட்களில் கதை. ஒரு பெடியன், என்னைவிட இளையவன், துப்பாக்கியோடு தோணிக்குள் எட்டிப் பார்த்தான். போத்தல்களைக் கண்டான். நூல்களைக் கண்டான்.

"வத்துர, மஹத்தயா," என்றார் மாமா. தண்ணீர், ஐயா.

சுற்றிலும் தண்ணீர். அதைப் போத்தலில் அடைத்து, நிறம் பிரித்து நூல் கட்டுகிறவர்கள் யார்? அவன் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். நானா அரைகுறைச் சிங்களத்தில் மார்க்கம், வேதம் என்று ஏதோ சொல்ல, அவன் முகம் இன்னும் இறுகியது. வெள்ளை நூல் போத்தலை நானாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினான்.

"பொன்ன."

குடி. மாமா நோன்பென்று விளக்கினார். அவன் துப்பாக்கியை உயர்த்தவில்லை. ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். நானாவின் உதடு திறந்து மூடியது. குடிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இன்னும் ஒரு நொடி போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கை நீட்டிப் போத்தலை வாங்கியது நான்.

நானா துப்பாக்கியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மணலைப் பார்த்தார். இவளுக்கு நோன்பில்லையா என்று அவன் கேட்டான். சுகமில்லாத பிள்ளை என்று மாமா சிங்களத்தில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளை நூல்: நல்ல தண்ணீர், இலை அழுகிய வாடையோடு. கறுப்பு: உப்பு, தொண்டையை அறுத்தது. ஓங்காளித்தேன். அவன் விடவில்லை, பச்சையையும் காட்டினான். குடித்தேன். குடிக்கும்போது துப்பாக்கியை மறந்தே போனேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"பிஸ்ஸோ," என்று சிரித்தான். பைத்தியங்கள். மிச்சத்தை மணலில் கவிழ்த்துவிட்டு எங்களைப் போகச் சொன்னான்.

பாதையில், முன்னால் பார்த்தபடியே நானா கேட்டார்.

"நடுவில?"

"சவர், நானா. ரெண்டும் கலந்த தண்ணி."

"பயத்தில குடிச்சா நாக்கு சரியாச் சொல்லாது."

"மற்ற ரெண்டையும் சரியாச் சொன்ன நாக்குத்தானே."

"மெல்லக் கதை." கேட்பதற்குப் பின்னால் யாரும் இல்லை. "இத நான் அங்க சொன்னா எத்தின பேர் திரும்பத் தொழ வருவாங்க? இந்தச் சனத்துக்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு."

"பொய் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னேன். சொன்ன உடனே அதற்கும் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பள்ளிவாசலின் கிடுகுச் சுவருக்கு வெளியே நின்றேன். உள்ளே நிரம்பி வழிந்தது. கிடுகு இடுக்கில் நானாவின் கைகள் தெரிந்தன. வெறுங்கைகள்.

"மௌலவி, போத்தல்?" சைக்கிள் கடைக்காரன்.

"எடுத்தம். துறையில ஆமிக்காரன் ஊத்திப்போட்டான்."

"அது நல்ல சாட்டு."

யாரோ சிரித்தார்கள். அங்கேயே முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நான்கூட மனசுக்குள் கெஞ்சினேன், முடியுங்கள் நானா, முடியுங்கள்.

"ஊத்த முந்தி ருசி பார்த்தாச்சு," என்றார். "மேல நல்ல தண்ணி. அடியில உப்பு. நடுவில கலந்திருந்திச்சு."

"ஆர் ருசி பார்த்த? நோன்போட?"

"எண்ட தங்கச்சி."

நோன்பு மாதப் பகலில் நான் குடித்தேன் என்றால் என்ன பொருள் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். முகம் கொதிக்க, கிடுகோடு ஒட்டிக்கொண்டேன். எந்தக் கால் முதலில் எழும்பி வெளியேறும் என்று காத்திருந்தேன்.

"நான் ஒரு இடத்தில அள்ளினன், ஒரு தரம் அள்ளினன்," என்றார் நானா. "என்னால காட்ட ஏலல்ல. நம்புறன். காட்ட ஏலல்ல."

பிறகு அந்த வசனத்தையே ஓதத் தொடங்கினார். எத்தனையோ தரம் ஓதிய வசனம். தடை என்று பொருள்படும் அரபுச் சொல்லுக்கு முன்னால் குரல் நின்றது. மீண்டும் தொடக்கத்திலிருந்து வந்து அதே இடத்தில் நின்றது. மறதியா, பயமா, எனக்குத் தெரியாது. நான் இன்றுவரை கேட்கவில்லை. வெளியே என் வாய்க்குள் அந்தச் சொல் இருந்தது. விலக்கு நாளில் ஓதக்கூடாதவள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஓதுகிறவர் தடுமாறினால் பின்னால் இருப்பவர் சொல்லை எடுத்துக் கொடுப்பது எங்களிடம் வழக்கம். யாரும் கொடுக்கவில்லை. காற்றுக்குக் கிடுகு சரசரத்தது.

பின்னர் ஒரு குரல் கொடுத்தது. மெதுவாக, கொஞ்சம் எரிச்சலோடு. சைக்கிள் கடைக்காரனுடைய குரல்.

நானா அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஓதினார்.