மேட்டில் போட்ட டிக்

சுடலைமுத்துவின் மருந்துப் பக்கத்தில் அந்த மாதம் ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லை. எல்லாம் பச்சை. அப்படி வருவதற்கு வழி சொல்லிக் கொடுத்தவள் நான்தான். வீட்டு மருத்துவச் சேவையில் மருந்து கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். படித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

1. ரேஞ்ச் மேடு

எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அங்கே பலசரக்குக் கடை. நான் ஃபார்மசி படித்து, மருந்துக்கடை கவுண்டரில் பல வருடம் நின்று கால் வலித்துப்போய், இடுக்கி மலையில் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் நோயாளிகள் பெரும்பாலும் சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் மருந்து எழுதுவார். அது என் ஸ்கிரீனுக்கு வரும். நான் சரிபார்த்து, லேபிள் அடித்து அனுப்புவேன். ஃபீல்டு நர்ஸ் வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்குப் போய், எந்தெந்த வேளை மருந்து உள்ளே போயிற்று என்று கேட்டு போனில் டிக் போட வேண்டும். போட்டால் பச்சை. விட்டுப்போனாலும் தாமதமானாலும் சிவப்பு.

ரேஞ்ச், அதாவது போன் சிக்னல், இல்லாத இடத்தில் அந்த ஆப் திறக்காது. லயத்தில் ரேஞ்சே கிடையாது. ஜீப் நிற்கும் மேட்டில் மட்டும் இரண்டு கோடு வரும். எங்கள் நர்ஸ் செல்வி லயத்தில் வேலையை முடித்து மேடேறி வருவதற்குள் ஜீப்காரன் ஹாரன் அடிப்பான். அவள் டிக் போட மறுநாள் ஆகிவிடும். மானேஜர் என்னைக் கூப்பிடுவார்.

"ரிப்போர்ட் என்னங்க மேடம், மொளகா காயப்போட்ட மாதிரி இருக்கு?"

ஒருநாள் பொறுமை போய்விட்டது. செல்வியிடம் சொன்னேன்: "ஏம்மா, மேட்டுலயே எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டு எறங்கு. வீட்டுல ஏதாச்சும் மாத்தம் இருந்தா, வாரப்போ திருத்திக்கலாம்."

"போடலாமாக்கா?"

"நாஞ் சொல்றனல்ல."

அடுத்த வாரமே ரிப்போர்ட் பச்சைப்பசேல் என்று ஆனது. மானேஜர் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2. மிஞ்சிய பேனாக்கள்

சுடலைமுத்து தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். சர்க்கரையால் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இரவில் இன்சுலின் பேனாவில் இருபத்திரண்டு யூனிட் அவரே போட்டுக்கொள்வார். மனைவி முத்துலட்சுமி கொழுந்து பறித்துவிட்டு வந்து படுத்தால் எழுந்திருக்க மாட்டார்.

அவர் எதையும் மறைத்தவர் இல்லை. செல்வியிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்: "தாயி, கஞ்சி எறங்காத அன்னைக்கு நான் ஊசி போடுறதில்ல. மயக்கம் வந்துருமோன்னு பயமா இருக்கு." வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் கஞ்சி இறங்கவில்லை. மேட்டுக்குப் போனதும் திருத்திவிடலாம் என்று செல்வி நினைப்பாள். மேட்டில் ஹாரன் சத்தம் கேட்கும். அவ்வளவுதான், மறந்துபோகும்.

இது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு என் கைக்கே வந்தது. போட்ட டிக்குகளை வைத்து, வீட்டில் எவ்வளவு மருந்து மீதி இருக்கும் என்று சாஃப்ட்வேரே கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கில் சுடலைமுத்துவிடம் பேனா தீர்ந்திருந்தது. செல்வியோ, "அவருகிட்ட இன்னும் ரெண்டு பேனா பிரிக்காமயே கெடக்குக்கா" என்றாள்.

ஏன் மிஞ்சியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பதினைந்து வருடம் மருந்து கொடுத்தவளுக்கு இது தோன்றாமல் போகுமா? தோன்றியது. ஆனால் அன்று மாத ரிப்போர்ட் அனுப்பும் நாள். கணக்கு ஏன் இடிக்கிறது என்று சாஃப்ட்வேர் காரணம் கேட்ட கட்டத்தில் 'பழைய இருப்பு, பதிவில் விடுபட்டது' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எண்கள் சரியாகிவிட்டன.

டாக்டருக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. சர்க்கரை குறையவில்லை. ஊசி ஒருநாளும் தவறவில்லை.

"எல்லா டோஸும் போயிட்டுண்டல்லோ," என்றார் போனில், மலையாளம் கலந்த தமிழில். "அப்ப இது போதாது ஜமீலா. கூட்டிடலாம்."

முதலில் இருபத்தெட்டு. அடுத்த மாதம் முப்பத்துநான்கு. 'இரவு 34 யூனிட்' என்று பெரிய எழுத்தில் தமிழில் லேபிள் அடித்தேன். படிக்கச் சிரமப்படக்கூடாது என்று என் அக்கறை அது.

3. இசக்கி

அந்தச் சமயம் பார்த்து மகள் இசக்கி, போடியில் பார்த்த தையல் வேலையை விட்டுவிட்டு அப்பாவைக் கவனிக்க வந்தாள். லேபிளைப் படித்தாள். "பயப்படாதீங்கப்பா, டாக்டரு தெரியாமயா எழுதுவாரு?" என்று சொல்லி, கஞ்சி இறங்கினாலும் இறங்காவிட்டாலும், ஒவ்வொரு இரவும் முப்பத்துநான்கு போட்டாள். நான்காம் நாள் காலை அவரை எழுப்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துவிட்டார்கள். பேச்சும் ஆள் அடையாளமும் திரும்ப வரவில்லை.

வராந்தாவில் இசக்கி என்னிடம் காலண்டர் தாளைக் காட்டினாள். ஊசி போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் பென்சிலால் டிக் போட்டிருந்தாள். "லேபிள்ல இருந்த அளவுதானக்கா போட்டேன். நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா?"

"டாக்டர்கிட்ட கேளும்மா," என்றேன். இத்தனை வருடத்தில் இதைவிடக் கேவலமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஆபீஸில் விசாரணை நடந்தது. பதிவு முழுக்கப் பச்சை. எங்கள் பக்கம் பிழையில்லை, நோயாளி சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதி முடித்தார்கள். செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். நலம்கூட விசாரிக்காமல் சொன்னாள்: "மக கையாலதான் மனுசன் இப்படி ஆனாருன்னு முத்துலட்சுமியம்மா லயம் பூரா சொல்லுதுக்கா. அந்தப் பிள்ளைகிட்ட பேச்சே கிடையாது."

மறுநாள் முதல்முறையாக நானே அந்த மேட்டிலிருந்து இறங்கி நடந்தேன். இசக்கி அப்பாவுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மேடு, டிக், மிஞ்சிய பேனா, நான் போட்ட பொய்க்காரணம். அவள் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாலு மாசமா எங்கம்மா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலக்கா. இத அன்னைக்கே ஆஸ்பத்திரில சொல்லியிருக்கலாம்ல?"

பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் அப்படியே சொன்னாள். முத்துலட்சுமி வெளியே வரவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"இப்பதான் சொல்ல வந்தாளாக்கும்."

ஆபீஸில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

பிள்ளைகளே, கேட்ட பிறகு டிக் போடுங்கள். வீட்டில் மருந்து மிஞ்சினால் எண்ணைச் சரிசெய்யாமல், இறங்கிப்போய் ஏன் என்று கேளுங்கள். தவறு நடந்துவிட்டால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். சிவப்பு வரும், மானேஜர் திட்டுவார். திட்டட்டும். அந்த அடுப்படியிலிருந்து வந்த குரலை நீங்கள் யாரும் கேட்க வேண்டாம்.