ஆலை வாசலில் நின்றவரும் நானும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் இத்தாலியரைப் பற்றிப் பேசினேன். அந்த நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்து இறந்தவர். வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மொஸ்கோவுக்கே போய், ஜனநாயகம் எல்லோருக்கும் பொதுவானது என்று சோவியத் தலைவர்களின் முகத்துக்கு நேரே சொன்னவர்.

கேட்க வந்தவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல நரைத்தவர்கள். பின்வரிசையில் மட்டும் ஐந்தாறு பெண்கள் வேலை உடுப்போடு இருந்தார்கள். இறங்குதுறையில் சிந்தும் சீமெந்தைக் கூட்டி அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளிகள்.

அவர்களைக் கண்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பயந்திருந்த கார்த் தொழிற்சாலை ஆட்களிடம் அந்தத் தலைவர் போனதையும், ஆலை வாசலில் நின்று கட்சி உங்களோடு நிற்கும் என்று சொன்னதையும் விரித்துச் சொன்னேன். கடைசிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே மேடையில் அவருக்குச் சுகமில்லாமல் போனதையும் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்களில் ஒருவர் என்னிடம் வந்தார். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர், முகப்பழக்கம் உண்டு.

"சேர், அவர் அந்தப் பேச்சை முடிச்சவரோ?"

"ஓம், முடிச்சவர். சனம் நிப்பாட்டச் சொல்லிக் கத்தியும் நிப்பாட்டேல்ல."

"எங்களில என்னோட சேத்துப் பதினொரு பேரை இண்டைக்கு வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள் சேர். நாளைக்குக் காலமை துறைமுகக் கேற்றடியில நிக்கப் போறம். நீங்கள் வந்து நிண்டா எங்களுக்குப் பெரிய பலம்" என்றார்.

"கட்டாயம் வருவன்" என்றேன். அந்த நேரத்தில் அது பொய் இல்லை.

காலையில் போனேன். கேற்றுக்கு எதிர்ப்பக்கம் வந்தபோது, ஒருவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, கேற்றடியில் நின்ற பெண்களைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். என் மகளுக்கு அரச வேலை நியமனம் வரவிருந்த நேரம் அது. அந்தப் படம் யார் கைக்குப் போகுமோ என்று நினைத்தேன். கால் தானாகவே தேத்தண்ணிக் கடைக்குள் திரும்பியது. உள்மேசையில் உட்கார்ந்து மூன்று பிளேன்ரீ குடித்தேன். வெய்யில் ஏற ஏற அவர்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் கீழே உட்காரவில்லை. எழுந்து போ என்று எனக்கு நானே பலமுறை சொன்னேன். கடைசியில் பின்வாசலால் வீட்டுக்குப் போனேன்.

அன்று பின்னேரம் அந்தப் பெண் ஒரு போத்தலில் கொத்தமல்லித் தண்ணீரோடு எங்கள் வீட்டுப் படலையில் நின்றார். "காய்ச்சலெண்டு கேள்விப்பட்டன் சேர்."

யார் சொன்னது என்று கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை. "ஓம், லேசான காய்ச்சல்" என்று வாங்கிக்கொண்டேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பதினொரு பேரில் எட்டுப் பேரைத் திரும்ப எடுத்தார்கள். முன்னால் நின்று கதைத்த மூன்று பேரை எடுக்கவில்லை. அந்தப் பெண் அந்த மூவரில் ஒருவர். மகளுக்கு நியமனம் கிடைத்தது. அதற்கும் நான் அந்தப் படத்தில் இல்லாததற்கும் ஏதும் தொடர்பு இருந்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியாது.

நாலு மாதம் பொறுத்து அவர் வீட்டுக்குப் போனேன். இடியப்பம் அவித்து விற்றுக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். நான் அதில் உட்காரவில்லை.

"அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றேன்.

"தெரியும் சேர். நீங்கள் கடைக்குள்ள போனதைக் கண்டனான்." இடியப்பத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நான்தான் மற்றாக்களுக்குக் காய்ச்சலெண்டு சொன்னனான். சேரே பயந்திட்டாரெண்டு தெரிஞ்சா அவளவையும் வீட்ட போயிடுவாளவை. பிறகு போத்தலோட வந்ததும் அதுக்குத்தான், ஆக்கள் பாக்க வேணுமெண்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பொய்யை எனக்கு முன்னமே அவர் சுமந்திருக்கிறார். வேலையும் போய்விட்டது.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றேன்.

"பிள்ளையளை வச்சிருக்கிறவைக்குப் பயம் வரும்தானே" என்றார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

இந்த உண்மையைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. அங்கே எல்லோரும் அன்று எனக்குக் காய்ச்சல் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.