சாமிக்குச் சொன்ன மணி

துறைமுகத்தடிப் பழைய தேவாலயத்தில் அந்தக் கப்பல் மணியை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

முன்பு அது வாசலில் கயிற்றோடு தொங்கியது. சபையில் யாராவது இறந்தால் மட்டுமே அடிப்பார்கள். எனக்குப் படிப்பித்த ரீச்சரின் கல்யாணத்துக்குச் சல்லிக் கிராமத்திலிருந்து என்னோடு வந்திருந்த அம்மாவுக்கு அது தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் அடிப்பதுபோல் மூன்று முறை அடித்தார்.

தெருவே ஓடிவந்தது. மாப்பிள்ளையின் தாய் முகம் வெளுத்து நின்றார்.

"ஆர் தவறினது?" என்று பாதிரியார் மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஒருத்தருமில்லை ஐயா. நான் வந்திருக்கிறனெண்டு சாமிக்குச் சொன்னனான்," என்றார் அம்மா.

கல்யாணச் சேலையில் நின்ற ரீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"அவருக்குக் கேட்டிருக்கும் தங்கச்சி, உள்ளுக்கு வாங்கோ," என்றார் பாதிரியார்.

பெட்டியின்மேல் 'தொடவேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கண்ணாடியில் விரலால் மூன்று முறை தட்டினேன்.